மனுவேல் அன்டோனியோ பூங்காச் சாலையில் வண்டியை மறிப்பவர்களை நம்பாதீர்கள்: மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோஸ்ட்டா ரிக்காவுக்கு மேற்படிப்புக்காகவோ ஒரு பருவப் பரிமாற்றப் படிப்புக்காகவோ வரும் மாணவர்கள், சான் ஹொசே பகுதியில் அறை எடுத்துப் பாடங்கள் தொடங்கிய சில வாரங்களிலேயே வார இறுதிப் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் மனுவேல் அன்டோனியோ தேசியப் பூங்காவாகத்தான் இருக்கிறது. அந்தப் பூங்காவுக்குப் போகும் சாலையில், வாயிலை அடைவதற்கு முன்பாகவே, எங்கள் வகுப்பைச் சேர்ந்த எட்டுப் பேரிடமிருந்து 400 டாலருக்கு மேல் ஏமாற்றிப் பறிக்கப்பட்டது. பறித்தவர்களோ அவர்களைப் போன்றவர்களோ வரும் சனிக்கிழமையும் அதே சாலையில் நிற்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை என்பதால், நடந்ததை விவரமாக எழுதி வைக்கிறேன்.

பசிபிக் கரையில், கெப்போஸ் என்னும் சிறு நகரத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தொலைவில் இந்தப் பூங்கா உள்ளது. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்றாக இருந்தும், மிக அதிகமானோர் வந்து போகும் பூங்காக்களில் ஒன்றாகவும் இருப்பதால், உள்ளே விடப்படுவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. நுழைவுச் சீட்டு வாயிலில் விற்கப்படுவதில்லை; தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் சினாக் என்னும் அரசு அமைப்பின் இணையதளத்தில், ஒவ்வொருவரின் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் கொடுத்து, நாளும் நேரமும் குறித்துத்தான் வாங்க முடியும். நாங்கள் போனபோது வெளிநாட்டவருக்கான கட்டணம் வரியுடன் சேர்த்து 18 டாலர் 8 சென்ட். செவ்வாய்க்கிழமை விடுமுறை. உணவுப் பொருள்களையும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களையும் உள்ளே கொண்டு செல்ல முடியாது. வாயிலில் பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். இந்த விதிகளைத் தெரிந்துகொள்வது எவ்வளவு முக்கியம் என்பது பின்வருவதைப் படித்தால் புரியும்.

நாங்கள் வாடகைக்கு எடுத்த வேனில் சான் ஹொசேயிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, கடற்கரை நெடுஞ்சாலை வழியாகக் கெப்போஸைக் கடந்தோம். அங்கிருந்து குன்றின் மேல் ஏறி மறுபுறம் கடலை நோக்கி இறங்கும் சாலை குறுகலானது. அந்த இறக்கத்தில் காக்கிச் சட்டை அணிந்த இருவர் சாலையின் நடுவில் நின்று, ஊதல் ஊதி, கையை உயர்த்தி எங்கள் வேனை நிறுத்தினார்கள். அவர்கள் கழுத்தில் நெகிழி உறையிட்ட அட்டைகள் தொங்கின. பூங்காவின் வண்டி நிறுத்துமிடம் இதுதான் என்றும், இதற்கு மேல் எந்த வண்டியும் போக முடியாது என்றும் சொல்லி, இடப்பக்கம் இருந்த வேலியிட்ட மனைக்குள் வேனைத் திருப்பச் செய்தார்கள். பூங்கா நிர்வாகத்துக்கென்று வண்டி நிறுத்துமிடம் ஏதும் அங்கே இல்லை என்பதையும், சாலையோரம் உள்ளவை அனைத்தும் தனியாருக்குச் சொந்தமானவை என்பதையும், சாலை வாயிலுக்கு மிக அருகில் வரை திறந்தே இருக்கிறது என்பதையும் பிறகுதான் பூங்கா ஊழியர் ஒருவர் எங்களுக்குச் சொன்னார்.

மனைக்குள் ஒரு மேசை போடப்பட்டிருந்தது. பூங்காவின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையுடன் பேசிய ஒருவர் அங்கே இருந்தார். எங்களுடன் வந்த குவாத்தமாலா நாட்டு நண்பருக்கு ஸ்பானியம் தாய்மொழி; உரையாடல் முழுவதும் அவர் மூலமாகவே நடந்தது. ஆகவே மொழி தெரியாத வெளிநாட்டவர் மட்டுமே இதில் சிக்குவார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மனிதர் முதலில் சொன்னவை எல்லாம் உண்மை. வாயிலில் சீட்டு விற்க மாட்டார்கள் என்றார்; உண்மை. உணவை வேனிலேயே வைத்துவிட்டு வாருங்கள், உள்ளே விடமாட்டார்கள் என்றார், அதுவும் உண்மை. நேர ஒதுக்கீடு இல்லாமல் யாரும் நுழைய முடியாது என்றார். நாங்கள் முன்பே படித்திருந்த விதிகளோடு ஒவ்வொன்றும் பொருந்தியது. அதன் பிறகு, அன்றைய இணையச் சீட்டுகள் அனைத்தும் தீர்ந்துவிட்டதாகவும், அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட சீட்டுகள் தம்மிடம் இருப்பதாகவும், வழிகாட்டியுடன் சேர்த்துத் தலைக்கு 50 டாலர் என்றும் சொன்னார். உண்மைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் நடுவே பொய்யைச் செருகுவதுதான் இவர்களுடைய முறை. விதிகளை அறிந்தவர்களையும் அந்த அறிவைக் கொண்டே அவர்கள் மடக்குகிறார்கள்.

அந்த மலைச்சாலையில் கைபேசி இணைப்பு விட்டு விட்டுத்தான் கிடைத்தது. சினாக் தளம் திறக்கவில்லை. பின்னால் அடுத்த வண்டிகள் வந்து நிற்க, சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்ற அவசரம் கூடியது. 250 டாலரை ரொக்கமாகவும், மீதி 150 டாலருக்கு ஈடான உள்நாட்டு நாணயமான கொலோனை இங்கே எல்லோரும் பயன்படுத்தும் சின்பே மோவில் என்னும் கைபேசிப் பணப் பரிமாற்றத்தின் வழியாகவும் கொடுத்தோம். வண்டி நிறுத்தத்துக்கு 15 டாலர் தனியாக வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டபோது, முத்திரை ஏதுமின்றிக் கையால் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று கிடைத்தது. எங்கள் நண்பரின் கைபேசிக்குக் கியூஆர் குறியீடு ஒன்றின் படத்தை அனுப்பி, குழுச் சீட்டு என்பதால் அதில் உங்கள் பெயர்கள் இருக்காது என்று விளக்கமும் தந்தார்கள். வழிகாட்டி என்று அறிமுகம் செய்யப்பட்ட இளைஞர் எங்களுடன் சிறிது தூரம் நடந்து வந்தார். தொலைநோக்கியை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு கடைக்குள் நுழைந்தவர் திரும்பி வரவில்லை.

வெயிலில் நடந்து வாயிலை அடைந்தபோது, அங்கிருந்த ஊழியர் குறியீட்டைப் பரிசோதித்துவிட்டு, அது வேறு சிலரின் பெயரில் வாங்கப்பட்ட சீட்டு என்றும், அவர்கள் காலை ஏழு மணிக்கே உள்ளே போய்விட்டார்கள் என்றும் சொன்னார். வழிகாட்டிகளிடம் விற்பனைக்கென்று தனிச் சீட்டு எதுவும் கிடையாது என்பதை அவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். பிறகு தளத்தை மீண்டும் திறந்து பார்க்கச் சொன்னார். வாயிலருகே இணைப்பு நன்றாகக் கிடைத்தது. தீர்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அன்றைய சீட்டுகள், பதினொரு மணிப் பிரிவில் எங்கள் எல்லோருக்கும் போதுமான அளவுக்கு இருந்தன.

எல்லோராலும் அதை வாங்க முடியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். உதவித்தொகையில் படிக்கும் மூன்று பேர், அந்த மாதச் சாப்பாட்டுப் பணத்தில் ஏற்கெனவே 50 டாலரைக் கொடுத்துவிட்டதால், பூங்காவுக்கு வெளியே உள்ள எஸ்பதியா பொதுக் கடற்கரையில் தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கானாவிலிருந்து வந்து சூழலியல் படிப்பவர். நடு அமெரிக்க அணில் குரங்கின் ஓர் உள்ளினம் கெப்போஸ் உள்ளிட்ட நடுப் பசிபிக் கரையோரக் காடுகளில் மட்டுமே வாழ்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே அவர் பல வாரங்களாகக் குறிப்புகள் சேர்த்து வைத்திருந்தார். அவருக்கான பணத்தை நாங்கள் போட முன்வந்தபோதும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

மாலையில் வேனை எடுக்கத் திரும்பியபோது, காலையில் பேசியவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. சாதாரணச் சட்டையில் இருந்த வேறு ஒருவர், நிறுத்தக் கட்டணம் மணிக்கணக்கில்தான் என்றும், காலையில் வாங்கியது முதல் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் என்றும் சொல்லி, இன்னும் 20 டாலர் தரும்வரை வாயிற் சங்கிலியை அவிழ்க்க மறுத்தார். சீட்டு விற்றவர்கள் யார் என்றே தமக்குத் தெரியாது என்றார். இருட்டுவதற்குள் மலைச்சாலையைக் கடக்க வேண்டியிருந்ததால் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கடற்கரைக்குப் போகும் வழியைத் தனியார் நில உரிமையாளர் அடைத்தபோது, உள்ளூர் மக்கள் அதை எதிர்த்து நின்று வழியைத் திறக்கச் செய்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே 1972இல் இது தேசியப் பூங்கா ஆனது. 1977ஆம் ஆண்டின் கடலோர மண்டலச் சட்டப்படி, நாட்டின் கடற்கரைகளில் முதல் 50 மீட்டர் பொதுமக்களுக்கு உரியது. இத்தகைய வரலாறு உள்ள ஊரில், பொதுச்சாலையின் நடுவில் நின்று ஊதல் ஊதி வண்டியை மறிக்கும் துணிச்சல் சிலருக்கு வந்திருப்பது வெட்கக்கேடானது. ஊர் மக்களும் இதனால் பாதிக்கப்படுகிறார்கள். கோஸ்ட்டா ரிக்கா சுற்றுலாக் கழகம் முறையான வழிகாட்டிகளுக்குப் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்குகிறது. அத்தகைய வழிகாட்டி ஒருவரை மறுநாள் கெப்போஸில் நாங்கள் தங்கியிருந்த விடுதியில் சந்தித்தோம். பார்வையாளர்கள் சாலையிலேயே மிரண்டு போவதால், வாயிலருகே தாங்கள் வணக்கம் சொன்னால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள் என்று அவர் வேதனைப்பட்டார். வழிகாட்டி கட்டாயமில்லை, ஆனால் மரக்கிளையில் அசையாமல் கிடக்கும் தேவாங்கு போன்ற அசமந்த விலங்கான ஸ்லாத்தை, பழகிய கண்ணும் நல்ல தொலைநோக்கியும் இல்லாமல் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், விரும்புவோர் விடுதி மூலமாக முன்கூட்டியே ஏற்பாடு செய்து, அட்டையைப் பார்த்த பின் பணம் கொடுப்பது நல்லது.

போகிறவர்கள் சான் ஹொசேயிலிருந்து கிளம்பும் முன்பே சினாக் தளத்தில் தங்கள் பெயரில் சீட்டு வாங்கி, கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். சாலையில் கை காட்டுபவர் சீருடை போன்ற எதை அணிந்திருந்தாலும், அவர் காவலர் இல்லை என்று தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்காமல் கடந்து செல்லுங்கள். வாடகை வண்டி தேவையில்லை என்றால் இன்னும் நல்லது: சான் ஹொசேயிலிருந்து கெப்போஸுக்கும், அங்கிருந்து பூங்காவரைக்கும் பேருந்துகள் ஓடுகின்றன, கடற்கரையோரம் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் வாயில் வந்துவிடும். பேருந்தை யாரும் மறிப்பதில்லை.

எங்கள் புகாரைக் கெப்போஸில் உள்ள நீதித்துறைப் புலனாய்வு அமைப்பின் அலுவலகத்திலும், சுற்றுலாக் கழகத்திலும் கொடுத்திருக்கிறோம். நாங்களே ஒப்புதல் அளித்து அனுப்பிய பணம் என்பதால் திருப்ப முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சான்று இல்லை. ஆனால் சின்பே மோவில் பரிமாற்றத்தில் பணம் பெற்றவரின் பெயரும் எண்ணும் பதிவாகியிருப்பதால், அந்தப் பகுதியை மட்டுமாவது விசாரிக்க முடியும் என்று புகாரை எழுதிக்கொண்ட அலுவலர் கூறினார். ஒரே கணக்குக்குப் பல சுற்றுலாப் பயணிகள் பணம் அனுப்பியிருப்பது தெரியவந்தால் வழக்கு வலுப்பெறும் என்றும் அவர் சொன்னார். ஆகவே அந்த இறக்கத்தில் இதே முறையில் பணம் கொடுத்த மாணவர்கள் யாராவது இருந்தால், தொகை சிறியது என்று விட்டுவிடாமல், பரிமாற்ற விவரத்தையும் துண்டுச்சீட்டின் படத்தையும் சேர்த்துத் தங்கள் பெயரிலேயே தனிப் புகார் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.