சொறி ஆறிய நாட்டு நாயா, கூண்டிலிருந்து மீண்ட லேப்ரடாரா?

இரண்டு வருடங்களுக்குள் மீட்கப்பட்ட நாய்கள் இரண்டு எங்கள் கன்னங்குறிச்சி வீட்டுக்கு வந்தன. முதலில் வந்தவள் செவலை. ஏற்காடு அடிவாரச் சாலையோரம் சொறிபிடித்துக் கிடந்த நாட்டு நாய். அடுத்து வந்தவள் பிரௌனி. குட்டி விற்பவர் ஒருவர், இனி இது ஈனாது என்று கழித்துவிட்ட லேப்ரடார். செவலை எங்களோடேயே தங்கிவிட்டாள். பிரௌனி நான்கு மாதம் இருந்துவிட்டு, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக் குடும்பத்துக்குப் போனாள். சேலத்தில் வீடு உள்ளவர்கள் எதைத் தத்தெடுக்கலாம் என்று கேட்டால், நான் நாட்டு நாயைத்தான் சொல்வேன். இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற தனி இன நாய்கள் அல்ல. தெருவில் பிறந்த சாதாரண நாய்.

எதைக் கொண்டுவந்தாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை மூன்றும் உண்டு. தெருநாயின் காதில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள். பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டப் போடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

ஒட்டுதலில் லேப்ரடார்தான் முந்துகிறது, அதை மறைக்க மாட்டேன். பிரௌனியின் முழங்கைகள் சிமெண்ட் தரையில் கிடந்தே காய்த்துப் போயிருந்தன. நகங்கள் வளைந்திருந்தன. புல்லில் கால் வைக்கவே பயந்தாள், படியேறத் தெரியவில்லை. அப்படியிருந்தும் வந்த அன்று இரவே என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கினாள். செவலையோ பதினொரு நாள் பூந்தொட்டிகளுக்குப் பின்னாலேயே ஒடுங்கிக் கிடந்தாள். துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே நடுங்கிச் சிறுநீர் விட்டுவிடுவாள். தட்டை வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போன பிறகுதான் சாப்பிடுவாள். என் கையிலிருந்து ஒரு துண்டு முட்டையை வாங்கிக்கொள்ள அவளுக்கு மூன்று மாதம் ஆனது. இந்தப் பொறுமை இல்லாதவர்கள் நாட்டு நாயைக் கொண்டுவந்து அதை இன்னொரு முறை அனாதையாக்க வேண்டாம்.

ஆனாலும் நான் செவலையின் பக்கம் நிற்பதற்குக் காரணம் தோல். வருடக்கணக்கில் நம் நேரத்தையும் காசையும் தின்பது அதுதான்.

செவலை வந்தபோது உடம்பில் முடியே இல்லை. முதுகு யானைத்தோல் போலத் தடித்து, மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தது. இரவெல்லாம் அவள் சொறியும் சத்தம் படுக்கையறைவரை கேட்கும். தோலுக்குள் துளைபோடும் சிற்றுண்ணியால் வருகிற நோய் அது. என் முன்கைகளிலும் சிவப்புப் புள்ளிகள் வந்து அரித்தன. அந்தச் சிற்றுண்ணி மனிதத் தோலில் பெருகாது என்பதால் தானாகவே மறைந்துவிட்டன. மருத்துவர் சொன்ன மாத்திரை, வாரம் ஒரு மருந்துக் குளியல் என்று ஆறு வாரம் போனது. (மருந்துக் கடையில் ஐவர்மெக்டின் என்கிற ஒட்டுண்ணி மருந்தை வாங்கி நாமே போடக் கூடாது. கோலி போன்ற சில இனங்களின் உயிருக்கே அது ஆபத்து.) ஒரு காலையில் கண்களைச் சுற்றிப் பூனைமுடி போல மெல்லிய செம்முடி அரும்பியிருந்ததை என் மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, இவள் செவலைம்மா!" என்று கத்தினாள். அதுவரை அந்த நாய்க்கு என்ன நிறம் என்றே எங்களுக்குத் தெரியாது. பெயரும் அப்படி வந்ததுதான்.

ஆறு வாரம் கழிந்த பிறகு தோலுக்காக நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. மாதம் ஒரு குளியல். குட்டை முடி என்பதால் உண்ணி ஏறினால் கண்ணுக்கே தெரிகிறது. சித்திரை வெயிலில் துளசி மாடத்தின் நிழலில் தானே குழி பறித்துப் படுத்துக்கொள்கிறாள்.

பிரௌனி வந்தபோது தோல் நன்றாகத்தான் இருந்தது. வேலை அதன்பின் தொடங்கியது. லேப்ரடாருக்கு இரட்டை அடுக்கு முடி. சேலத்தில் ஏப்ரலும் மேயும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் இரைத்துக்கொண்டே கிடந்தாள். தொங்கும் காதுக்குள் காற்று போகாததால் இரண்டு முறை சீழ் கட்டியது. உள்முடிக்குள் புதைந்த உண்ணிகளை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வயிறு நிறைய இரத்தம் குடித்த உண்ணி சுவர் இடுக்கில் ஏறி முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது, சுவரையும் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்து மூன்று நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் என்கிற நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தோம். இதோடு அடங்காத பசி வேறு. ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாருக்குப் பசியை அடக்கும் மரபணுவில் ஒரு குறை இருப்பதாக 2016-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தட்டு காலியானதும் பிரௌனி பார்க்கிற பார்வைக்கு இணங்கினால் எடை ஏறும். எடை ஏறினால் அந்த இனத்துக்குப் பலவீனமான இடுப்பு மூட்டு தாங்காது.

என் கணக்கு ஒரே ஒரு லேப்ரடாரோடு, அதுவும் கோடையை ஒட்டிய நான்கு மாதத்தை வைத்துப் போட்டது. குட்டியிலிருந்து நன்றாக வளர்ந்த லேப்ரடாருக்கு இவ்வளவு தொல்லை இல்லாமலும் இருக்கலாம். செவலை மாதிரி எல்லா நாட்டு நாயும் திடமாக இருக்கும் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன்.

மாடியில் ஏசி உண்டு, பகலில் ஒருவர் வீட்டிலேயே இருப்பார், முதல் நாளிலிருந்தே மடியில் சாயும் நாய் வேண்டும் என்றால் கைவிடப்பட்ட லேப்ரடாரைத் தாராளமாக எடுங்கள். இருவரும் வேலைக்குப் போகிற, ஷீட் கூரை போட்ட திண்ணையும் சிறு முற்றமும் உள்ள வீடு என்றால் நாட்டு நாயை எடுங்கள். மலைமேல் இருப்பவர்களுக்கு வெயில் என்கிற என் வாதம் பொருந்தாது.

போன மாதம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப்போய்ப் பிரௌனியைப் பார்த்தோம். சுமார் 1,500 மீட்டர் உயரக் குளிரில் அவள் இரைக்கவில்லை. சில்வர் ஓக் மரத்தடிப் புல்லில் உருண்டு புரண்டுவிட்டு, ஈரக்காலோடு படியேறி வீட்டுக்குள் ஓடினாள்.