‘4கே தரம்’ என்று சொல்லி விஎச்எஸ் கேசட்டைக் கெடுக்கும் கடைகள்: ஓர் எச்சரிக்கை

எங்கள் வீட்டுத் திருமணம் பதிவாகியிருந்த விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தரும்படி ஒரு கடையில் கொடுத்திருந்தோம். ‘4கே தரம்’ என்று கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் பென் டிரைவில் தந்த வீடியோவில், பட்டுச் சேலைகளின் ஜரிகை கட்டம் கட்டமாகச் சிதைந்திருந்தது. நாதஸ்வர ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பழைய கேசட் அப்படித்தான் இருக்கும் என்றார் கடைக்காரர். வண்ணக் கசிவும் புள்ளி இரைச்சலும் கேசட்டின் குறைகள்தாம். ஆனால் இத்தகைய கட்டங்கள் கோப்பை அளவுக்கு மீறிச் சுருக்கும்போது உண்டாகுபவை.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தவுடன் உண்மை தெரிந்துவிட்டது. வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 என்ற குறியாக்கி மென்பொருள், தான் வேலை செய்த அமைப்புகளை, யாரும் நீக்காதவரை, கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். அங்கே, எவ்வளவு தரம் வேண்டும் என்பதைக் குறிக்கும் சிஆர்எஃப் எண் 34 என்றிருந்தது. வழக்கமாக 0 முதல் 51 வரை செல்லும் இந்த அளவுகோலில் எண் ஏற ஏறத் தரம் இறங்கும். எதையும் மாற்றாமல் விட்டால் 23 என்றிருக்கும். எண்ணில் 6 கூட்டினால் கோப்பின் அளவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். இத்தகைய அரிய பதிவுகளுக்கு 18-ஐ ஒட்டி வைப்பவர்களே அதிகம்.

4கே என்ற விளம்பரமோ வெறும் பேச்சு. இந்தியாவில் புழங்கிய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிகளே 576தான். அதிலும் விஎச்எஸ் கிடைமட்டத்தில் சுமார் 240 கோடுகளின் நுணுக்கத்தையே தாங்கும். அதை 4கே-க்குரிய 2160 வரிகளாக விரிப்பதால் கேசட்டில் இல்லாத விவரம் வந்துவிடாது. ஒன்றுவிட்ட வரிகளை மட்டும் கொண்டு நொடிக்கு 50 என வரும் அரைச்சட்டகங்களில் பாதியைத் தூக்கி எறிந்திருந்ததால் நடையும் அசைவும் வெட்டி வெட்டித் தெரிந்தன. (செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பாட்டியின் முகத்தை ‘மெருகேற்றாமல்’ விட்டார்களே, அந்த மட்டில் நிம்மதி.)

முறையிட்டபோது, ‘பிட்ரேட்டைக் (நொடிக்குச் செலவிடும் தரவின் அளவை) கூட்டித் தருகிறோம்’ என்று பல மடங்கு பெரிய கோப்பு ஒன்றைத் தந்தார்கள். அதிலும் அதே கட்டங்கள். கேசட்டிலிருந்து முதலில் எடுத்த பதிவை இடம் போதவில்லை என்று அழித்துவிட்டு, கெட்டுப்போன கோப்பையே மறுபடி குறியாக்கம் செய்திருக்கிறார்கள். ஒருமுறை இழந்த விவரத்தை எந்த எண்ணை மாற்றினாலும் மீட்க முடியாது என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

கேசட் கொடுக்கும் முன்பே, எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லா வடிவில் மூலப் பதிவும், சுருக்கப்படாத ஒலியும் வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அதற்கென்று பெரிய ஹார்டு டிஸ்க்கை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஒரு கேசட்டை மட்டும் முதலில் கொடுத்து, வந்த கோப்பை மீடியாஇன்ஃபோவில் பார்த்த பிறகு மற்றவற்றைக் கொடுப்பது நல்லது. கட்டணத்தைத் திருப்பித் தர அந்தக் கடை மறுத்துவிட்டதால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம்.