கன்னிப் பிறப்பு: இரண்டு பதில்கள்

இயேசு ஏன் கன்னியிடம் பிறக்க வேண்டும்? 2ஆம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயர் இரனேயு சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்தது. ஏர் படாத, மழை காணாத மண்ணிலிருந்து ஆதாம் உருவானான். அதுபோலவே கன்னியிடமிருந்து புதிய ஆதாமான இயேசு. ஏவாள் கீழ்ப்படியாமல் போட்ட முடிச்சை மரியா கீழ்ப்படிந்து அவிழ்த்தார். கெட்டுப்போன மனிதக் கதையை இயேசு முதலிலிருந்து சரியாக வாழ்ந்து காட்டுவதே இரனேயுவுக்கு மீட்பு.

பிற்கால இறையியலாளர் அகுஸ்தினார் வேறு பக்கம் போகிறார். இச்சையோடு கூடிய உறவின் வழியே ஜென்மப் பாவம், அதாவது ஆதாமிடமிருந்து எல்லோருக்கும் வரும் பாவம், பிள்ளைக்கு வருகிறது. இயேசு அந்த வழியில் வரவில்லை, பாவமில்லாதவர், அதனால் மீட்க முடிந்தது. சரி, தாய் வழியாக அந்தப் பாவம் வராதா? அந்தக் கேள்வி நூற்றாண்டுகளாக ஓயவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை மரியாவின் அமல உற்பவத்தை, அதாவது மரியாவே ஜென்மப் பாவமில்லாமல் கருவானார் என்பதை, கோட்பாடாக அறிவித்தது 1854இல்தான். புராட்டஸ்டன்ட் சபைகள் அதை ஏற்கவில்லை.