சபைக்குச் சொந்த டொமைனா, ஒரு போன் காலா?

களியக்காவிளைப் பக்கம் எங்கள் சபையில் அசன விருந்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போதகர் பெயரில் கமிட்டிக்காரர்கள் ஆறு பேருக்கு மெயில் வந்தது. மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது, நோயாளி ஒருவருக்காக கிஃப்ட் கார்டு வாங்கி அதன் நம்பரை அனுப்புங்கள் என்று. ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கி அனுப்பியும் விட்டார். செல்போனில் அனுப்பியவர் பெயர்தான் தெரியும், அதைத் தொட்டால்தான் முகவரி விரியும். அவர் தொடவில்லை, நானாக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் கமிட்டியில் இரண்டு யோசனை. சபை பெயரில் டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் ஜிமெயிலுக்குப் பதில் வரும் சொந்தப் பெயர்) வாங்கி, மெயில் நிஜமாகவே அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் போடுவது ஒன்று. இருக்கிற ஜிமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்துவிட்டு, காசு கேட்டு எது வந்தாலும் நம் போனில் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்பது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம்.

டொமைன் கௌரவம்தான், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தும் சபைகளுக்குத் தேவையும்கூட. நம் டொமைன் பெயரையே போட்டு வரும் போலி மெயிலை டிமார்க் பிடிக்கும். எங்களுக்கு வந்ததோ எவனோ புதிதாகத் திறந்த ஜிமெயில், மேலே மட்டும் போதகர் பெயர். அதை நம் டிமார்க் என்ன செய்யும்?

என்னை நிறுத்தியது பராமரிப்பு. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், ஓடிபி யார் போனுக்கு வரும்? பழைய பொருளாளர் இப்போது மஸ்கட்டில் இருக்கிறார், சபை ஃபேஸ்புக் பக்கத்தின் பாஸ்வேர்டே இன்னும் அவரிடம்தான். டொமைன் காலாவதியாகி வேறு யாராவது வாங்கிவிட்டால் அந்த முகவரிக்கு வரும் மெயில் அத்தனையும் அவர் கைக்குப் போகும், பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் உட்பட. கமிட்டி மாறும், போதகரும் மாறுவார், இதை யார் ஞாபகம் வைத்திருப்பது?

போன் முறையில் புதுப்பிக்க எதுவுமில்லை. மெயிலில் கொடுத்திருக்கும் நம்பரைக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான். "மெயிலில் நான் காசு கேட்க மாட்டேன், கேட்டால் அது நானில்லை" என்று போதகர் மூன்று ஞாயிறு அறிவிப்பில் சொன்னார். ஒருவர் குரலைப் போலவே பேசி ஏமாற்றும் போன் கால் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை, வந்தால் இந்த ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் வந்த போன் காலை நம்பாமல் நாமே திருப்பிக் கூப்பிடுகிறோம் என்பது கொஞ்சம் தைரியம்.

காசு போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிட வேண்டும். எங்கள் டீச்சர் வெட்கப்பட்டு மூன்று நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தார், அதற்குள் கார்டு காலி. போன வாரம் பீடத்துக்குப் பூ வாங்க நூற்றைம்பது ரூபாய் என்று கமிட்டி மெயிலில் வந்ததற்கும் போன் போட்டுக் கேட்டாராம், போதகர் சிரித்துக்கொண்டே அலுத்துக்கொண்டார்.