பத்து விதை, 350 ரூபாய்: தபாலில் வந்த ஆந்தூரியம்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் வீட்டு மணலில் தென்னையும் பனையும் தவிர வேறெதுவும் கேட்காமல் வளர்வதில்லை. அப்படிப்பட்ட இடத்தில், மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் ஆந்தூரியம் கிளாரிநெர்வியத்தை விதையிலிருந்து வளர்க்க நான் துணிந்ததற்கு முதற்காரணம் விலைதான். வெல்வெட் போன்ற கரும்பச்சை இலையில் வெள்ளை நரம்பு ஓடும் அந்தச் செடி, நான்கு இலையுடன் 1,800 ரூபாய்க்குக் குறைவாக என் கண்ணில் படவில்லை. அதே செடியின் பத்து விதைகளை, கேரளத்து மலைப்பக்கத்தில் சிறிய நாற்றங்கால் நடத்தும் ஒருவர் 350 ரூபாய்க்கு அனுப்புகிறார். விரைவுத் தபாலுக்கு 80 ரூபாய் தனி. கடந்த ஆண்டு மே மாதத்திலும் நவம்பரிலும் அவரிடம் வாங்கினேன். ஒரு பருவத்தில் இருபது முப்பது பேருக்குமேல் அவரால் அனுப்ப முடிவதில்லை என்பதால் பெயரைத் தவிர்த்துவிட்டு, சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவரிடம் போவதற்கு முன்பே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். இணையச் சந்தை ஒன்றில், இலை அழகுக்காக வளர்க்கும் மான்ஸ்டெரா செடிக்கு, ‘வெள்ளைத் திட்டு மான்ஸ்டெரா, 20 விதை, 149 ரூபாய்’ என்றிருந்ததைப் பார்த்து வாங்கினேன். வந்தவை கடுகைவிடச் சிறிய, பளபளக்கும் கறுப்பு விதைகள். முளைத்து இரண்டு இலை விட்டதுமே, இது தண்டுக்கீரை என்று அப்பத்தா சொல்லிவிட்டார். மான்ஸ்டெரா விதை பட்டாணி அளவு இருக்கும் என்பதும், அந்த வெள்ளைத் திட்டு செடியின் குருத்துத் திசுவில் ஒரு பகுதி மாறிப்போனதால் வருவது, பதியன் போட்டால் தொடருமே தவிர விதை வழியாக நம்பி எதிர்பார்க்கக் கூடியதல்ல என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. வெள்ளைத் திட்டு, நீல இலை, வானவில் நிறம் என்று விதை விற்கும் கடை எதுவானாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பதும் எளிதல்ல; 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, அனுப்பும் நாட்டின் நோயின்மைச் சான்று இல்லாமல் விதை இந்தியாவுக்குள் வர முடியாது.

கேரளத்துப் பொட்டலம் வேறு மாதிரி இருந்தது. அட்டைப்பெட்டிக்குள் ஒரு ஜிப் உறை, அதற்குள் பிழிந்தெடுத்த ஈரப் பாசி, பாசியின் மடிப்புகளில் வெந்தய அளவில் இளம்பச்சை விதைகள். உறைமேல் பேனாவால் ‘பறித்த நாள் 11 நவம்பர்’ என்று எழுதியிருந்தார். என் கைக்கு வந்தது 14ஆம் தேதி. இரண்டு விதைகள் வழியிலேயே வெள்ளை வேர்முனையை நீட்டியிருந்தன. எட்டிப் பார்த்த அப்பத்தா, “ஏய்யா, ஈர வெதையை யாராச்சும் தபால்ல அனுப்புவாங்களா? பூசணம் பூத்துப் போகாதா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் முண்டு மிளகாயின் விதையை நன்றாகக் காயவைத்து எடுத்துவைத்தால்தான் அடுத்த விதைப்புக்கு ஆகும். ஆந்தூரியம் விதை அதற்கு நேர் எதிர். கனியிலிருந்து எடுத்துக் காயவிட்டால் செத்துவிடும். காரங்காட்டு அலையாத்தி மரத்தில் காய்க்குள்ளேயே விதை முளைவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆகவே இந்த வியாபாரத்தில் நாம் பணம் கொடுப்பது விதைக்கு மட்டுமல்ல, பறித்த நாளுக்கும் விதைக்கும் நாளுக்கும் இடையிலான இடைவெளிக்கும்தான். பறித்த நாளைக் குறிப்பிடாதவரிடம் வாங்குவதில் பொருளில்லை. இவர் குறிப்பிடுகிறார், திங்கட்கிழமையன்று மட்டுமே அனுப்புகிறார், அதனால் ஞாயிறன்று தபால் நிலையத்தில் பொட்டலம் முடங்குவதில்லை.

மே மாதப் பொட்டலத்திலும் இதே கவனம் இருந்தது, ஆனால் வெயில் அதை வென்றுவிட்டது. ஐந்தாம் நாள் வந்த உறை தொட்டாலே சுட்டது. பாசி வெந்த கீரை நிறத்தில் இருந்தது. பத்தில் நான்கு முளைத்தன. அந்த நான்கில் மூன்றைக் கொன்றது நான்தான், அவரல்ல. எங்கள் பக்கத்துக் கயிற்றுத் தொழிற்சாலையில் கிடைக்கும் தென்னைநார்க் கழிவில் உப்பு ஏறியிருக்கும் என்பது தெரிந்தும், ஒரே ஒருமுறை அலசிவிட்டு அதில் விதைத்தேன். தெளித்ததும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கருவி வைத்துப் பார்த்தபோது அந்தத் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,400 மில்லிகிராம் காட்டியது. முதல் இலையின் நுனி பழுப்பாகி, பத்து நாளில் தண்டும் சாய்ந்துவிட்டது. அவர் அனுப்பும் குறிப்புத்தாளில் ‘குழாய்த் தண்ணீர் போதும்’ என்று அச்சிட்டிருக்கிறார். மலையில் போதுமாக இருக்கலாம். இந்தக் கரையில் அந்த வரியை அப்படியே நம்பிச் செய்யக் கூடாது. வாங்குபவரின் பின்கோடு கையில் இருக்கும்போது, கடலோரத்தவருக்கென்று ஒரு வரி கூடுதலாக எழுதுவது அவருக்குப் பெரிய வேலையல்ல.

நவம்பரில் மாற்றிச் செய்தேன். வடகிழக்குப் பருவமழையில் மொட்டைமாடித் தண்ணீரைப் பிடித்து, நார்க்கழிவை அதில் மூன்று நாள் ஊறவைத்து, நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினேன். கீழக்கரையிலிருந்து தொதல் இனிப்பு வந்த மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு அதைப் பரப்பி, விதைகளைப் புதைக்காமல் மேலே வைத்து, மூடியை அழுத்தி, நேர்வெயில் படாத வடக்கு ஜன்னலில் வைத்தேன். பூசணம் பிடிக்காதிருக்க நாள்தோறும் காலையில் கால்மணி நேரம் மூடியைத் திறந்துவைத்தேன். பன்னிரண்டாம் நாளுக்குள் பத்தில் ஒன்பது முளைத்துவிட்டன.

அதன்பின் பொறுமைதான் வேலை. முதல் இலையைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெள்ளை நரம்பு இருக்காது, வெல்வெட்டும் இருக்காது, ஏதோ ஒரு களைச்செடிபோல் நிற்கும். என் செடிகளில் ஐந்தாவது இலையில்தான் நரம்பு மெல்லத் தெரியத் தொடங்கியது. இப்போது பத்து மாதம் முடிந்திருக்கிறது, பெரிய இலை வெற்றிலைக் கொழுந்து அளவு வந்திருக்கிறது. அவசரமாக அலமாரியை அழகுபடுத்த விரும்புபவர் வளர்ந்த செடியாகவே வாங்கிக்கொள்வது நல்லது. ஆனித் தொடக்கத்தில் கச்சான் காற்று ஓங்கியபோது ஜன்னலைச் சாத்திவைக்க வேண்டியிருந்தது. சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் சேர்ந்த குடும்பத்துச் செடி இது என்பதால் இலையைக் கடித்தால் வாய் அரிக்கும். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

சேவையில் எனக்கு உள்ள பெரிய குறை, ஈடுகொடுக்கும் விதியில் இருக்கிறது. பொட்டலம் வந்து மூன்று நாளைக்குள் படம் அனுப்பினால்தான் மாற்று விதை தருவாராம். செத்த விதையும் உயிருள்ள விதையும் மூன்றாம் நாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். முளைக்காதது தெரிய இரண்டு வாரமாவது ஆகும். மே மாதத்து ஆறு விதைகளுக்கு இதனால் எதுவும் கிடைக்கவில்லை. கேட்டபோது மரியாதையாகப் பதில் சொன்னார், விதியை மாற்றவில்லை.

இன்னொன்று, மகரந்தம் எந்தச் செடியுடையது என்பதை அவர் எழுதுவதில்லை. ஆந்தூரியத்தின் பூந்தண்டில் பெண்பருவம் முந்தி வந்து முடிந்த பிறகே மகரந்தம் வரும் என்பதால், பெரும்பாலும் வேறொரு பூவிலிருந்து மகரந்தம் எடுத்துத் தடவித்தான் காய் பிடிக்கவைக்கிறார்கள். அது வேறு இனமாகவும் இருக்கலாம். என் ஒன்பதில் இரண்டு கன்றுகளின் இலை மற்றவற்றைவிட ஒடுக்கமாகவும் நரம்பு வெளுக்காமலும் இருக்கிறது. கலப்பினம் அழகாகவும் அமையலாம், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் 350 ரூபாய் வாங்குபவர் தாயின் பெயரோடு தந்தையின் பெயரையும் எழுதியிருக்க வேண்டும்.

விதையின் தரத்துக்கும் பொட்டலம் கட்டும் விதத்துக்கும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், ஈட்டு விதிக்கு ஒன்று. கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்கள் மார்ச் முதல் ஜூன் வரை வாங்க வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கிய பின் வாங்கினால் தபாலும் குளிர்ந்திருக்கும், தண்ணீரும் வானத்திலிருந்து வரும். அடுத்த காய் அக்டோபர் கடைசியில் பழுக்கும் என்று சொல்லியிருக்கிறார். இருபது விதை கேட்டிருக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் மகரந்தம் எடுத்த செடியின் படத்தையும் கேட்டிருக்கிறேன், அது இன்னும் வரவில்லை.