முன் சக்கரத்துக்கு எடை: ஈயப்பட்டையா, பித்தளைக் கவரா?

ஆர்சி கிராலர் (ரிமோட்டில் ஓட்டும், பாறை ஏறும் குட்டி வண்டி) வைத்திருப்பவர்களிடம் வண்டியின் அடியில் எடை ஏற்ற வேண்டும் என்று வாதாடத் தேவையில்லை. பாறையில் ஏறும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாக்க விழுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். எதை, எங்கே ஏற்றுவது என்பதில்தான் பேச்சு நீள்கிறது. கொடைக்கானலில் நான் ஓட்டுவது டிராக்ஸஸ் கம்பெனியின் டிஆர்எக்ஸ்-4 என்ற கிராலர். ரிம்முக்குள் ஒட்டும் ஈயப்பட்டை, சக்கரத்துக்குப் பின்னால் மாட்டும் பித்தளைக் கவர் இரண்டையும் போட்டு ஓட்டிவிட்டு, இப்போது பித்தளையில் நிற்கிறேன். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இருந்திருந்தால் ஈயத்திலேயே இருந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

முதலில் ஒரு கணக்கு. 2.5 கிலோ வண்டி, வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்) 320 மில்லிமீட்டர், எடை மையம் நட்டநடுவில், தரையிலிருந்து 110 மில்லிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 55 டிகிரி ஏற்றத்தில் அது பின்னால் சாய்ந்துவிடும். முன் ஆக்ஸில் உயரத்தில், அதாவது 60 மில்லிமீட்டரில், 300 கிராம் ஏற்றினால் 59 டிகிரி வரை தாங்கும். முன்பாரம் கூடியதால் இறக்கத்தில் இழப்பது இரண்டு டிகிரிக்கும் குறைவு. அதே 300 கிராமைப் பானெட்டுக்குள் 150 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்தால் ஏற்றத்தில் 57 டிகிரிதான் கிடைக்கும். இறக்கத்தில் 51-க்கு வந்துவிடும். பாசி பிடித்த பாறையில் இந்தக் கோணம் வருவதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும் என்பதும் உண்மை. ஆனாலும் எடை தாழ்வாக இருக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. அதற்கும் முன்னால், பேட்டரியை முன்பக்கம் நகர்த்த இடம் இருந்தால் நகர்த்துங்கள், அதற்குச் செலவே இல்லை.

டயருக்குள் இரும்புக் குண்டுகளைக் கொட்டி ஓட்டுபவர்களும் உண்டு. மெதுவாகப் போகும்போது குண்டுகள் எப்போதும் அடியிலேயே கிடக்கும், அது நல்லதுதான். ஆனால் டயருக்குள் அடைத்திருக்கும் ஃபோமை எடுத்தாக வேண்டும், சத்தம் வரும், மழையில் துருப்பிடிக்கும். எனக்கு ஒத்துவரவில்லை.

ஈயப்பட்டை என்று நான் சொல்வது கார் டயர் கடையில் அலாய் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் பட்டையை. ஐந்தும் பத்தும் கிராமாகத் துண்டு துண்டாக இருக்கும், பின்னால் பசை. ரிம்மின் உள்வட்டத்தில் சுற்றிலும் சமமாக ஒட்டி, மேலே ஃபோம், அதன்மேல் டயர், டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் வளையத்தைப் போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது. ஒரு ஜோடி பித்தளைக் கவருக்கு ஆகும் காசில் பை நிறைய ஈயம் வாங்கலாம். பித்தளையைவிட ஈயம் அடர்த்தியானது (ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், பித்தளை 8.5 சுற்றி), அதனால் சின்ன இடத்தில் நிறைய எடை அடங்கும். எடையைக் கூட்டிக் குறைத்துப் பழகவும் இதைவிட வசதியானது கிடையாது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதிலேயே தொடங்கட்டும்.

சிக்கல் பராமரிப்பில் வருகிறது, அதுவும் நம் மலையில். ஐப்பசி, கார்த்திகையில் வட்டக்கானல் பக்கம் ஓட்டினால் வண்டி நனையாமல் வீடு திரும்பாது. ஓடையில் இறக்கவே வேண்டாம், மேகம் இறங்கி ஈரப் புல்லில் உருண்டாலே போதும். டயரிலும் ரிம்மிலும் இருக்கும் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வண்டியோடு வரும் சாதா ஃபோம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெயில் அடிக்காத வாரத்தில் அது காயவே காயாது. அந்த ஈரம் நாள்கணக்கில் பசையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். முதலில் பட்டையின் ஒரு முனை எழும்பும், அப்புறம் பட்டை கழன்று உள்ளே கடகடவென்று உருளும். ஸ்பிரிட் போட்டு ரிம்மைத் துடைத்துவிட்டு ஒட்டினேன், மேலே டேப் சுற்றினேன். கொஞ்ச நாள் கூடத் தாங்கியது, அவ்வளவுதான்.

திரும்ப ஒட்டுவதற்கு பீட்லாக்கைப் பிரிக்க வேண்டும். குட்டிக் குட்டி ஸ்குரு, ஒரு சக்கரத்துக்கே ஒரு கைப்பிடி தேறும். நாலைந்து முறை கழற்றி மாட்டினால் ஆலன் கீ பிடிக்கும் குழி வட்டமாகிவிடும். பிளாஸ்டிக் ரிம்மாக இருந்தால் மரை தேய்ந்து, ஸ்குரு சும்மா சுற்றும். மலிவாக வாங்கிய ஈயத்துக்காக ரிம்மையே மாற்றும் நிலை வரும். தண்ணீர் குடிக்காத குளோஸ்டு செல் ஃபோம் போட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். ஆனால் அந்த விலையையும் சேர்த்தால் ஈயம் மலிவு என்ற பேச்சு எடுபடாது.

இன்னொன்றும் உண்டு. ஈயம் நச்சு உலோகம். ஒட்டிய கையோடு சாப்பிடக் கூடாது, குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. வெளியே தெரியும்படி ரிம்மில் ஒட்டியிருந்தால் அது சோலை ஓடையில் விழவும் வாய்ப்பு உண்டு. தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மாசைப் பார்த்த ஊர் இது. 2001-இல் ஆலை மூடிய பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஓடையில் ஈயம் கிடப்பது, அது பத்து கிராமாக இருந்தாலும், எனக்குச் சம்மதமில்லை.

பித்தளைக்கு வருகிறேன். டிஆர்எக்ஸ்-4-இல் சக்கரத்துக்குப் பின்னால் போர்ட்டல் கியர் (ஆக்ஸிலைச் சக்கர மையத்துக்கு மேலே தூக்கி வைக்கும் கியர்) இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு அதே வடிவத்தில் பித்தளை மூடியைப் போட வேண்டும். ஒரே அளவு, எடை மட்டும் ஏழு மடங்கு போலக் கூடும். பசை இல்லை, ஸ்குருவில் நிற்கிறது. மாட்டும்போது பேரிங்கைத் துடைத்து, கியருக்குப் புது கிரீஸ் வைத்துவிடுங்கள். எப்படியும் மழைக்காலம் முடிந்ததும் செய்யும் வேலைதான். ஸ்குரு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக வாங்குங்கள், மற்றது துருப்பிடிக்கும். பித்தளையில் களிம்பு ஏறும், அதனால் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. பளபளப்பு வேண்டுமென்றால் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். நான் தேய்ப்பதில்லை.

இந்த எடை சக்கரத்தோடு சுழல்வதில்லை என்பது இன்னொரு லாபம். ஊர்ந்து போகும்போது வித்தியாசம் தெரியாது. பாதையில் கொஞ்சம் வேகம் எடுத்தால், ஒரு பக்கம் பட்டை கழன்ற சக்கரம் வண்டியையே உதறும். பித்தளையில் அந்தப் பேச்சே கிடையாது. சக்கரத்தைத் திருப்பும் செர்வோ மோட்டாருக்கு இரண்டுமே பாரம்தான். பாறை இடுக்கில் மாட்டிய சக்கரத்தைத் திருப்ப வேண்டுமானால், வண்டியோடு வந்த செர்வோ எந்த எடை போட்டாலும் திணறும்.

குறை என்றால் விலை, அப்புறம் கீறல். பித்தளை மென்மையானது, நம் கருங்கல்லில் உரசி என் மூடிகளின் கீழ் விளிம்பு மழுங்கிவிட்டது. எடையை நினைத்தபடி கூட்டிக் குறைக்கவும் முடியாது, வாங்கியதுதான் அளவு.

போர்ட்டல் இல்லாத எஸ்சிஎக்ஸ்10 II போன்ற வண்டிகளுக்குப் பித்தளை நக்கிள் (முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) கிடைக்கிறது. பெருமாள்மலைத் தம்பி ஒருவரின் வண்டியில் அதைக் கொஞ்ச நேரம் ஓட்டியிருக்கிறேன், நன்றாகவே ஏறியது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்ததில்லை. 1/24 அளவுக் குட்டி வண்டிகளை நான் வைத்திருந்ததில்லை, அவற்றுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பின் ஆக்ஸிலில் நான் எதுவும் ஏற்றவில்லை.