வாலுக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயம்

ஒரே தாய் வயிற்றில் ஒரே இரவில் பிறந்த இரண்டு டோபர்மேன் நாய்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கின்றன. மச்சான் வீட்டு டைசனுக்குக் குட்டியிலேயே வாலையும் காதையும் வெட்டிவிட்டார்கள். வால் இரண்டு விரற்கடைதான். காது இரண்டும் கத்தி முனை மாதிரி நிற்கும். என் வீட்டு வீராவுக்கு வால் பின்னங்கால் மூட்டு வரை தொங்கும். காது மடித்த வெற்றிலை போலக் கன்னத்தில் கிடக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, வருகிறவர்கள் டைசனைப் பார்த்து "அசல் டோபர்மேன்" என்பார்கள். வீராவைப் பார்த்தால், "என்ன அண்ணே, கலப்பா?" என்று கேட்பார்கள். நான்கு வருடமாகப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாய்க்கு வால், காது வெட்டும் பேச்சு வந்தாலே எல்லாரும் வாலையும் காதையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். வெட்டலாம் என்பவர்கள் இரண்டையும் வெட்டலாம் என்கிறார்கள், கூடாது என்பவர்கள் இரண்டையும் கூடாது என்கிறார்கள். இரண்டு நாய்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த எனக்கு இவை இரண்டு தனி வழக்குகள் என்றே தோன்றுகிறது. வாலை வெட்டுகிறவர் பக்கம் கொஞ்சமாவது சரக்கு இருக்கிறது. காது வெட்டுக்கு எவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

துரை வீட்டு நாய்

எங்கள் அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். துரை பங்களாவில் இருந்த டெரியர் நாயைப் பற்றி அடிக்கடி சொல்வார். கட்டை வால், ஆனால் காது முழுசாக மடிந்து கிடக்குமாம். லயத்தில் இருந்த நாய்களுக்கெல்லாம் வால் சுருண்டு முதுகில் ஏறியிருக்கும். ஆகவே வால் இல்லாத நாய் என்றாலே பங்களா நாய், சம்பளக்காரன் நாய் என்று ஆகிவிட்டது. அந்த மரியாதை இன்னும் போகவில்லை.

துரையின் நாய்க்கு வாலை வெட்டிவிட்டுக் காதை ஏன் விட்டார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாது. எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாய் இனங்களைப் பதிவு செய்து கண்காட்சி நடத்தும் இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1898லேயே காது வெட்டிய நாய்களைத் தன் கண்காட்சிகளுக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. வால் வெட்டுக்கு அங்கே தடை வந்தது 2007இல். இரண்டுக்கும் நடுவே நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. அப்படியென்றால் வெள்ளைக்காரன் நமக்குக் கொண்டுவந்தது வால் வெட்டை மட்டும்தான். நிமிர்ந்த காது அவனுக்குப் பிறகு, அமெரிக்க பாணி டோபர்மேன் படங்களோடும் காவல் நாய் வியாபாரத்தோடும் வந்து சேர்ந்த பழக்கம். நம் ஊரில் இரண்டையும் சேர்த்து "பரம்பரை வழக்கம்" என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

முனியாண்டி கோயிலில் சாமி காலடியில் நிற்கும் நாய்ச்சிலையைப் பாருங்கள். சுதையில் செய்தவர் வாலையும் காதையும் முழுசாகத்தான் வைத்திருக்கிறார். காவலுக்கு அதைவிடப் பெரிய நாய் எங்கள் ஊரில் கிடையாது.

வெட்டும் நாள்

வாலை வெட்டுவது குட்டி பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். கண்கூடத் திறந்திருக்காது. கத்தரியால் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் இறுக்கமான ரப்பர் வளையம் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தி உதிரவிடுவார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து கிடையாது. "அந்த வயசில் நரம்பே வளர்ந்திருக்காது, வலிக்காது" என்பது வளர்ப்பவர்களின் வாய்ப்பாடு. ஆஸ்திரேலியாவில் 1996இல் வெளியான ஓர் ஆய்வு, வால் வெட்டப்பட்ட 50 குட்டிகளைப் பக்கத்தில் இருந்து கவனித்தது. வெட்டும் நேரத்தில் குட்டிகள் வீறிட்டுக் கத்தின. அதே ஆய்வு, பெரும்பாலானவை சில நிமிடங்களில் அடங்கித் தூங்கிப்போயின என்றும் சொல்கிறது. முதல் பாதியை ஒரு கட்சிக்காரர்களும் இரண்டாம் பாதியை மறு கட்சிக்காரர்களும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

காது கதையே வேறு. குட்டிக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆன பிறகு, முழு மயக்கத்தில் காது மடலில் பாதியைச் சீவித் தையல் போடுவார்கள். ஆனால் சீவியதும் காது நின்றுவிடாது. நாய் வாலை நிமிர்த்தக் கட்டை வைத்துக் கட்டிய கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். இங்கே காதை நிமிர்த்த உண்மையாகவே முட்டுக் கொடுத்து, பிளாஸ்டர் சுற்றி, வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் கட்டி வைப்பார்கள். சில நாட்களுக்கு ஒருமுறை அவிழ்த்து, துடைத்து, மறுபடி கட்டவேண்டும்.

டைசனுக்கு ஐந்து மாதம் கட்டினார்கள். நம் ஊர் மழையும் புழுக்கமும் தெரிந்ததுதானே. பிளாஸ்டருக்கு உள்ளே ஈரம் தங்கி, ஒரு தடவை சீழ் பிடித்து, வீடு முழுக்க நாற்றம். குட்டி தலையைச் சாய்த்துக்கொண்டே நடக்கும், சுவரில் போய்த் தேய்க்கும். அக்காள் பிள்ளைகள் தொட்டு விளையாடவே பயந்தார்கள். ஒரு குட்டி மனிதர்களோடு பழகிக்கொள்ளவேண்டிய மாதங்கள் அவை. இத்தனைக்கும் பிறகு இடது காது நுனியில் சற்றே சாய்ந்துதான் நிற்கிறது. படம் எடுத்தால் மச்சான் டைசனின் வலது பக்கத்தைத்தான் காட்டுவார்.

காதுக்குச் சொல்லும் காரணம்

"தொங்கும் காதில் காற்றுப் போகாது, சீழ் வரும், உண்ணி ஏறும். நிமிர்ந்த காது சுத்தம்." இதுதான் முக்கிய வாதம். நம் வெப்பத்தில் காதில் விழுவதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. அதில் பாதி உண்மையும் உண்டு. பிரிட்டனில் 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நிமிர்ந்த காது நாய்களைவிடத் தொங்கு காது நாய்களுக்குக் காது நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு என்று கண்டது. சரி, அப்படியென்றால் அதிகம் பாதிக்கப்பட்டவை எவை? பாசெட் ஹவுண்ட், ஷார் பெய், லாப்ரடூடில், பீகிள், கோல்டன் ரிட்ரீவர். இதில் ஒன்றுக்குக்கூட யாரும் காது வெட்டுவதில்லை. ஷார் பெய்யின் காது தோசைத் துண்டு அளவுதான் இருக்கும், அது இரண்டாவது இடத்தில் நிற்கிறது. காது நோய்தான் காரணம் என்றால் கத்தி முதலில் பாசெட் ஹவுண்டிடம் போயிருக்கவேண்டும். அது போவது டோபர்மேன், கிரேட் டேன், பாக்ஸர் பக்கம். முறைப்பாகத் தெரியவேண்டிய நாய்களின் பக்கம்.

வீராவுக்கு வாரம் ஒருமுறை காது துடைக்கிறேன். இரண்டு நிமிட வேலை. நான்கு வருடத்தில் ஒருமுறை சொட்டு மருந்து விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு வாதம் பழையது: சண்டையிலும் வேட்டையிலும் எதிரி காதைக் கவ்விவிடும். இதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். எங்கள் சித்தப்பா செம்பனைக் காட்டில் காட்டுப்பன்றி விரட்ட நாய் வைத்திருந்தவர். அவருடைய நாய்களில் பாதிக்குக் காது கிழிந்திருந்தது. ஆனால் அந்தக் கிழிசல் பன்றியோடு மோதியதில் வந்தது. தாமானில் கிரில் கதவுக்குப் பின்னால் தகரக் கிண்ணத்தில் சோறு தின்னும் டைசனின் காதை எந்தப் பன்றி வந்து கவ்வப்போகிறது?

வால் பக்கம் கொஞ்சம் நியாயம்

இப்போது என் தரப்புக்கு எதிராக நானே சாட்சி சொல்லவேண்டும். வீராவுக்கு ஒன்றரை வயதில் வால் நுனி உடைந்தது. வரிசை வீட்டு முன்வாசல் எவ்வளவு அகலம் இருக்கும்? ஒரு பக்கம் சிமெண்டுச் சுவர், மறுபக்கம் கார், முன்னால் இரும்புக் கதவு. நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அது ஆடிய ஆட்டத்தில் வால் சுவரிலும் கம்பியிலும் அடித்து, நுனி பிளந்து, ரத்தம் சாட்டையால் அடித்த மாதிரி சுவர் முழுக்கக் கோடு கோடாகத் தெறித்தது. கட்டுப் போட்டால் கடித்துப் பிய்த்துவிடும். ஆற ஐந்து வாரம் ஆனது. மச்சான் வந்து சுவரைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே ரெண்டு வினாடியில முடிஞ்சிருக்கும்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் பிறகுதான் கிடைத்தது. பிரிட்டனில் 2010இல் வெளியான ஆய்வின்படி, ஒரு வருடத்தில் வாலில் காயம்படும் நாய்கள் 0.23 சதவீதம். ஒரு காயத்தைத் தடுக்க ஏறத்தாழ 500 நாய்களுக்கு வாலை வெட்டவேண்டியிருக்கும். அந்தக் காயங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வீராவுக்கு நடந்தது போல, வீட்டுச் சுவரிலோ சாமானிலோ இடித்து வந்தவை. நான் செய்தது இதுதான்: காரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே நுழைகிறேன், வீராவைப் பின்வாசல் புல் தரையில் வைத்துக் கொஞ்சுகிறேன். சுவருக்குப் பக்கத்தில் கொஞ்சுவது கிடையாது.

ஆனால் ஸ்காட்லாந்து வேட்டை நாய்களிடம் போனால் கணக்கு தலைகீழாக மாறிவிடுகிறது. முட்புதருக்குள் வாலை ஆட்டிக்கொண்டே புகுந்து பறவையைக் கிளப்பும் ஸ்பானியல்கள் அவை. 2010-11 வேட்டைப் பருவத்தில் வால் வெட்டாத ஸ்பானியல்களில் 56.6 சதவீதத்துக்கு ஒரு காயமாவது பட்டிருந்தது. அதனால்தான் 2007இல் முழுத்தடை போட்ட ஸ்காட்லாந்து, 2017இல் ஸ்பானியல் போன்ற வேலை நாய்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. இங்கிலாந்தும் ஜெர்மனியும் தடை போடும்போதே வேலை நாய்களின் வாலுக்கு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருந்தன. காதுக்கு அப்படி ஒரு கதவை அவர்கள் வைக்கவில்லை. இரண்டும் ஒரே வழக்கு இல்லை என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

வால் இல்லாவிட்டால் நாய்க்கு என்ன நட்டம்? கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பொம்மை நாய் செய்து, நீள வாலும் கட்டை வாலும் மாற்றி மாற்றி மாட்டிப் பூங்காவில் விட்டுப் பார்த்தார்கள். நீள வால் ஆடும்போது பெரிய நாய்கள் நம்பிப் பக்கத்தில் வந்தன, ஆடாமல் நிற்கும்போது தயங்கின. கட்டை வாலிடம் அவற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. சாயங்காலம் இரண்டையும் நடத்திக்கொண்டு போகும்போது தெருநாய்கள் வீராவைப் பார்த்து முகர வருகின்றன, டைசனைப் பார்த்துக் குரைக்கின்றன. இது டைசனின் குணமா, வாலின் குறையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

எது அசல்?

"வெட்டினால்தான் அசல்" என்பது அமெரிக்கப் புத்தகத்தின் பேச்சு. அங்கே கென்னல் கிளப்பின் டோபர்மேன் வரையறையில் கட்டை வால் இருக்கிறது, காதும் பொதுவாக வெட்டப்பட்டு நிமிர்ந்திருக்கும் என்று இருக்கிறது. அதே நாட்டுக் கால்நடை மருத்துவர் சங்கமோ, அழகுக்காக வெட்டுவதை எதிர்க்கிறோம் என்று 2008இல் சொல்லிவிட்டது. டோபர்மேன் பிறந்த ஊர் ஜெர்மனியின் அபோல்டா. உலகக் கென்னல் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் இன்றைய வரையறை, இந்த நாய்க்கு வாலும் காதும் இயற்கையாக இருக்கவேண்டும் என்கிறது. பிறந்த ஊர்ப் பக்கம் கேட்டால் வீராதான் அசல். இதைச் சொன்னபோது மச்சான், "அப்போ ஜெர்மனிக்கே அனுப்பிடு" என்றார்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கான அபராதம் 20,000 ரிங்கிட்டில் தொடங்கி 100,000 வரை போகும். மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. பின்கட்டில் சமையல் கத்தரியோடு "நான் நூறு நாய்க்குப் பண்ணியிருக்கேன்" என்று நிற்கும் ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கட்டை வால்தான் பிடிக்கும், கத்தி பிடிக்காது என்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: பெம்ப்ரோக் கோர்கி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் மாதிரி சில இனங்களில் பிறவியிலேயே குட்டை வாலோடு குட்டிகள் வரும். பிரிட்டனில் புரூஸ் கட்டனாக் என்ற மரபியலாளர் 1990களில் கோர்கியோடு சேர்த்து, குட்டை வால் பாக்ஸரையே உருவாக்கிக் காட்டினார். அந்த மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்தால் குட்டை வால், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் கரு தங்காது. எங்கள் ஊரில் இதையெல்லாம் பார்த்து இனம் சேர்க்கிறவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

முழு வால் வேண்டும் என்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. காதை வெட்டுவதா என்பது குட்டியை வாங்கியவர் கையில் இருக்கிறது, ஏனென்றால் குட்டி வீட்டுக்கு வரும்போது காது பெரும்பாலும் முழுசாகத்தான் இருக்கும். வால் அப்படியில்லை. நாம் போய்ப் பார்க்கும் நாளில் அது வெட்டப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். பெட்டை சினையாக இருக்கும்போதே சொல்லி வைக்கவேண்டும். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். வீராவை நான் வாங்கியது அப்படித்தான். ஈப்போவில் வளர்ப்பவரிடம் முன்பணம் கொடுத்து, "ஒரு குட்டிக்கு மட்டும் கை வைக்காதீங்க" என்று கெஞ்சி வாங்கினேன். அவர் அந்தக் குட்டியை விலை குறைத்துத்தான் கொடுத்தார், யாரும் வாங்கமாட்டார்கள் என்று.

போன வாரம் அவரே கூப்பிட்டார். அடுத்த ஈற்றுக்கு இரண்டு பேர் வால் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களாம். இந்த முறை விலை குறையாது என்றார். மச்சானும் ஒரு குட்டி சொல்லி வைத்திருக்கிறார். வால் போகட்டுமாம், காதில் மட்டும் கை வைக்கப்போவதில்லையாம். அந்தப் பிளாஸ்டர் நாற்றத்தை இன்னொரு ஐந்து மாதம் தாங்க முடியாது என்று அக்காள் சொல்லிவிட்டாராம்.